ஐந்து நாடு, ஐந்து பணம்: காசா, கார்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியிலிருந்து கிளம்பி சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் என்று பதினெட்டு நாள் சுற்றிவிட்டு வந்தோம். கூட வந்தவர்கள் அம்மாவும் மாமியாரும். வந்த நாளிலிருந்து சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் என்னிடம் அதிகம் கேட்பது பணத்தைப் பற்றித்தான். எவ்வளவு கொண்டுபோனீர்கள், எதில் கொண்டுபோனீர்கள், எங்கே மாற்றினீர்கள்? திரும்பத் திரும்பச் சொன்னதை எல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன். இந்தியக் கணக்கும் இந்திய கார்டும் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

கடைசியில் எதுதான் நல்லது, காசா கார்டா?

இரண்டும் வேண்டும், ஆனால் சரிபாதியாக வேண்டாம். தங்கும் விடுதி, விமானம், ரயில், பெரிய கடை, நுழைவுச்சீட்டு எல்லாம் கார்டில். தெருவோரச் சாப்பாடு, டுக்டுக், சந்தை, கோயில், கழிவறை இவை காசில். எங்கள் மொத்தச் செலவில் காசாகக் கொடுத்தது ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். அந்த ஒரு பங்கு கையில் இல்லாமல் இருந்திருந்தால் பல வேளை பட்டினியாக நின்றிருப்போம்.

எந்த கார்டில் கட்டணம் கால் சதவீதம் குறைவு என்று வாரக்கணக்கில் தேடுகிறவர்களைப் பார்க்கிறேன். தேடுவது நல்லதுதான். ஆனால் பணம் அதிகமாக ஒழுகுவது நாம் களைத்துப்போயிருக்கும் நேரத்தில். நள்ளிரவில் இறங்கியதும் விமான நிலையக் கவுண்டரில் மாற்றுவது, மெஷினில் ‘ரூபாய்’ என்ற பொத்தானை அழுத்துவது, தினமும் ஏடிஎம்மில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது. இந்த மூன்றையும் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்தது.

கார்டைத் தேய்த்ததும் ‘ரூபாயில் எடுக்கவா, உள்ளூர்ப் பணத்தில் எடுக்கவா’ என்று மெஷின் கேட்கிறது. எதை அழுத்துவது?

எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டுப் பணத்தை. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும்.

ரூபாயில் பார்த்தால் மனதுக்கு நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதிக்குத்தான் விலை. ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது கடைக்காரரின் மெஷினை நடத்தும் நிறுவனம். அதில் நாலைந்து சதவீதம், சில இடங்களில் அதற்கும் மேல், ஏற்றிவைத்திருப்பார்கள். உள்ளூர்ப் பணத்தைத் தேர்ந்தெடுத்தால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பின் விகிதம் கிடைக்கும். அது சந்தை விகிதத்தை ஒட்டியே இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிங்கப்பூரில் விடுதிக் கட்டணம் 300 டாலர், ஒரு டாலர் 66 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அசல் தொகை 19,800 ரூபாய். உள்ளூர்ப் பணத்தில் கொடுத்தால், வழக்கமான இந்திய கார்டில் 3.5 சதவீத மார்க்-அப் (வெளிநாட்டுச் செலவுக்கு நம் வங்கி ஏற்றும் கட்டணம்), அந்த மார்க்-அப்பின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து ஏறத்தாழ 20,618 ஆகும். மார்க்-அப் இல்லாத கார்டு என்றால் 19,800தான். ரூபாய்ப் பொத்தானை அழுத்தி, அதில் 5 சதவீதம் ஏற்றியிருந்தால் 20,790. அதோடும் முடியாது. வெளிநாட்டில் ரூபாயில் தேய்த்ததற்கென்று பல இந்திய வங்கிகள் தனியாக ஒரு சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் போடும், 21,035க்கு வந்துவிடும். மார்க்-அப் இல்லாத கார்டோடு ஒப்பிட்டால், ஒரு பொத்தானுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய்.

கோலாலம்பூரில் நாங்கள் தங்கிய ஒரு விடுதியில், வரவேற்பில் இருந்த பையன் என்னைக் கேட்காமலே ரூபாயை அழுத்திவிட்டான். ரசீதில் ரூபாய்த் தொகையைப் பார்த்ததும் கையெழுத்துப் போடாமல், ரத்து செய்து ரிங்கிட்டில் போடச் சொன்னேன். முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தான். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மெஷினை வாங்கி நீங்களே அழுத்துவது இன்னும் நல்லது.

ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். அங்கே பயம் கொஞ்சம் கூடுதல். மாற்று விகிதத்தைக் காட்டி ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ என்று இரண்டு பொத்தான் காட்டும். மறுத்தால் பணமே வராது என்று நினைத்து முக்கால்வாசிப் பேர் ஏற்றுக்கொள்கிறார்கள். மறுத்தாலும் பணம் வரும். மறுப்பது அந்த விகிதத்தை மட்டும்தான்.

டெபிட், கிரெடிட், ஃபாரெக்ஸ் என்று மூன்று இருக்கிறதே?

பல நாட்டுப் பயணத்துக்கு நான் சொல்வது: கடையில் தேய்க்க மார்க்-அப் இல்லாத, அல்லது குறைவான, கிரெடிட் கார்டு ஒன்று. ஏடிஎம்மில் எடுக்க டெபிட் அல்லது ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று. இரண்டும் வேறு வேறு வங்கியுடையதாக இருக்கட்டும். முடிந்தால் ஒன்று விசா, மற்றொன்று மாஸ்டர்கார்டு.

ஃபாரெக்ஸ் கார்டில் முன்கூட்டியே பணம் ஏற்றுகிறோம், ஏற்றிய நாளின் விகிதம் பூட்டப்படுகிறது. ஒரே நாட்டுக்குப் போகிறவருக்கு நல்ல ஏற்பாடு. ஐந்து நாடு என்றால் அங்கேதான் சிக்கல். சிங்கப்பூர் டாலரும் அமெரிக்க டாலரும் பெரும்பாலான ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றலாம். தாய்லாந்து பாட் சில கார்டில் உண்டு. வியட்நாம் டாங்கை எதிர்பார்க்காதீர்கள். கார்டில் இல்லாத நாணயத்தில் செலவழித்தால், இருக்கிற நாணயத்திலிருந்து மாற்றி எடுத்துக்கொண்டு, அதற்கென்று மூன்று மூன்றரை சதவீதம் கட்டணம் போடுவார்கள். நாணயம் மாறும்போதெல்லாம் இப்படி இரண்டு தடவை வெட்டு விழுந்தால், முதலில் பூட்டிய விகிதத்தால் என்ன பயன்? வாங்கும் முன் வங்கியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தெந்த நாணயம் ஏற்றலாம், ஏற்றாத நாணயத்தில் செலவழித்தால் எத்தனை சதவீதம்.

கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் போட்டு காசு எடுக்க வேண்டாம். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், அதோடு தனிக் கட்டணமும் உண்டு. உயிர் போகும் அவசரத்துக்கு மட்டும்.

என்னிடம் ரூபே கார்டு மட்டும்தான் இருக்கிறது. செல்லுமா?

கார்டின் வகையைப் பார்க்க வேண்டும். சர்வதேசப் பயன்பாட்டுக்கென்று தரப்பட்ட ரூபே கார்டுகள் டிஸ்கவர், ஜேசிபி போன்ற வலையமைப்புகளோடு உள்ள உடன்பாட்டில் வெளிநாட்டில் வேலை செய்யும். உள்நாட்டுக்கு மட்டுமான ரூபே கார்டு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் வெறும் பிளாஸ்டிக் அட்டைதான். ஓய்வூதியக் கணக்கோடு வந்த கார்டு பெரும்பாலும் இந்த வகை. என் மாமியாருடையதும் அப்படித்தான் இருந்தது. கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது தெரியவந்து, வங்கிக்குப் போய் விசா டெபிட் கார்டு வாங்கினோம். அது தபாலில் வந்துசேர ஒரு வாரம் ஆனது. ஒரு மாதம் முன்பே பாருங்கள்.

ஜிபே, போன்பே வேலை செய்யாதா? அங்கேயும் எல்லாக் கடையிலும் க்யூஆர் ஒட்டியிருக்கிறார்களாமே?

ஒட்டியிருக்கிறார்கள். தாய்லாந்தில் இளநீர் வண்டியில்கூட உண்டு. ஆனால் அது தாய்லாந்தின் பிராம்ப்ட்பே. மலேசியாவில் டுயிட்நவ், கம்போடியாவில் கேஹெச்க்யூஆர், சிங்கப்பூரில் பேநவ். அந்தந்த நாட்டு வங்கிக் கணக்குக்கானவை. நம் ஊரில் பூக்கடையிலும் க்யூஆரில் கொடுத்துப் பழகிய கை தானாக போனை எடுக்கும். அங்கே பெரும்பாலான கடைகளில் அது நடக்காது. 2023 பிப்ரவரியில் யுபிஐயும் பேநவும் இணைக்கப்பட்டது உண்மை, ஆனால் அது இரு நாட்டு வங்கிக் கணக்குகளுக்கு இடையே பணம் அனுப்புவதற்கு. 2024 பிப்ரவரியில் இலங்கையிலும் மொரிஷியஸிலும் யுபிஐ தொடங்கப்பட்டது. கொழும்பு, யாழ்ப்பாணம் போகிறவர்கள் கடையில் கேட்டுப்பார்க்கலாம். இந்த ஐந்து நாட்டுச் சுற்றுக்கு யுபிஐயை நம்பிக் கிளம்பாதீர்கள்.

இதில் ஒரு கஷ்டம் உண்டு. சிங்கப்பூர் உணவங்காடிகளில் சில கடைகளில் ‘க்யூஆர் அல்லது காசு’ என்று எழுதியிருக்கும். நம்மைப் போன்ற பயணிக்கு அதன் அர்த்தம் பெரும்பாலும் காசு மட்டும்.

நாடு நாடாகச் சொல்லுங்கள். எங்கே எது செல்லும்?

சிங்கப்பூரில் கார்டு போதும், சாப்பாட்டுக்கு மட்டும் காசு. எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் உங்கள் விசா, மாஸ்டர்கார்டையே தட்டிப் போகலாம். வெளிநாட்டு கார்டு என்றால், பயன்படுத்திய ஒவ்வொரு நாளுக்கும் 60 சிங்கப்பூர் சென்ட் கட்டணம் சேரும். ஒரு கார்டில் ஒருவர்தான் போகலாம், இது குடும்பத்தோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியது. மூன்று பேருக்கு மூன்று கார்டு வேண்டும். அம்மாவுக்கும் மாமியாருக்கும் ஈஸி-லிங்க் கார்டு வாங்கிக் காசு ஏற்றிக் கொடுத்துவிட்டேன். வங்கி கார்டைக் கூட்டத்தில் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் பயம் அவர்களுக்கு இல்லாமல் போனது. லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தையில் பூவும் இட்லியும் வாங்கக் காசு வேண்டும்.

அங்கே தமிழில் பேசும்போது ‘பத்து வெள்ளி’ என்பார்கள். சிங்கப்பூரில் வெள்ளி என்றால் டாலர். எல்லை தாண்டி மலேசியா போனாலும் தமிழர்கள் வெள்ளி என்றே சொல்வார்கள், ஆனால் அது ரிங்கிட். இரண்டின் மதிப்பும் வேறு. ஜொகூர் பாருவில் இறங்கிய முதல் நாள் மனக்கணக்கு தடுமாறும்.

மலேசியாவில் கோலாலம்பூரின் பேரங்காடிகளில் கார்டு தாராளமாகச் செல்லும். ரயிலுக்கும் பேருந்துக்கும் டச் ‘என் கோ கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். பத்துமலை அடிவாரக் கடைகள், அர்ச்சனை, ‘மாமாக்’ எனப்படும் இந்திய முஸ்லிம் உணவகத்தில் ரொட்டி சானாய் (பரோட்டா), தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) எல்லாம் காசு. விடுதியை முன்பே இணையத்தில் கட்டியிருந்தாலும், வெளிநாட்டவரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாகக் கேட்பார்கள். ஏமாற்று அல்ல, 2017இலிருந்து இருக்கும் வரி. சில விடுதிகள் சாவிக்கு முன்பணமும் காசாகவே கேட்கும். அதனால் மலேசியாவில் இறங்கும்போதே கையில் இருநூறு ரிங்கிட்டாவது இருக்கட்டும்.

தாய்லாந்து, பாங்காக்கின் பளபளப்பைப் பார்த்து ஏமாறக்கூடாத நாடு. பெரிய மால்களிலும் எம்ஆர்டி ரயிலிலும் கார்டு தட்டலாம். அதற்கு வெளியே, படகு, சந்தை, தெருச் சாப்பாடு, டுக்டுக், தீவுகளில் உள்ள சின்ன விடுதி, எல்லாம் காசு. நாணய மாற்றுக் கடையில் 1,000 பாட் நோட்டாகக் கொடுப்பார்கள். டாக்சிக்காரரிடம் சில்லறை இருக்காது. செவன் இலெவன் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி அந்த நோட்டை உடைத்துக்கொள்ளுங்கள்.

கம்போடியாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே அமெரிக்க டாலரும் உள்ளூர் ரியலும் ஒன்றாகப் புழங்குகின்றன. விலை டாலரில் எழுதியிருக்கும், டாலர் நோட்டைக் கொடுப்போம், மீதியில் ஒரு டாலருக்குக் குறைந்த பகுதி ரியலாக வரும். கடைகளில் ஒரு டாலருக்கு சுமார் 4,000 ரியல் கணக்கு. இரண்டரை டாலர் இளநீருக்கு மூன்று டாலர் கொடுத்தால் 2,000 ரியல் மீதி. அமெரிக்கச் சில்லறைக் காசு அங்கே செல்லாது. ஏடிஎம்மிலும் டாலர் வரும். சியம் ரீப்பில் அங்கோர் கோயில்களுக்கான நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர். சீட்டு வாங்கும் இடத்தில் கார்டு எடுப்பார்கள், அதைக் கார்டிலேயே கொடுத்துக் கையில் உள்ள டாலரை மிச்சம்பிடியுங்கள். விமான நிலையத்தில் விசா வாங்குவதாக இருந்தால் 30 டாலர் காசாகத் தயாராக இருக்கட்டும்.

அங்கே நோட்டின் சுத்தம் முக்கியம். ஓரத்தில் நகத்தளவு கிழிந்த 50 டாலர் நோட்டு ஒன்றை மூன்று கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மீதியாகத் தரும் நோட்டையும் நீங்கள் அப்படியே பார்த்து வாங்குங்கள். கிழிந்ததை வாங்கிவிட்டால் பிறகு அது உங்கள் தலையில்தான்.

வியட்நாமில் பூஜ்யங்கள் பயமுறுத்தும். மூன்று பூஜ்யத்தை விரலால் மறைத்துவிட்டு மூன்றரையால் பெருக்கினால் தோராயமாக ரூபாய் வரும்: 50,000 டாங் என்றால் ஏறக்குறைய 175 ரூபாய். கவனிக்க வேண்டியது 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும். இரண்டும் நீல நிறம். மங்கிய வெளிச்சத்தில் எழுபது ரூபாய்க்குப் பதில் ஆயிரத்து எழுநூறு ரூபாய் கைமாறிவிடும். ஐந்து லட்சத்தை பர்ஸின் தனி அறையில் வையுங்கள். சின்னக் கடைகளில் கார்டு கொடுத்தால் மூன்று சதவீதம் கூட்டிக் கேட்பது அங்கே வழக்கம். அங்கே காசே மேல். ஹோ சி மின் நகரில் தமிழ் வணிகர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அர்ச்சனைத் தட்டுக்கும் உண்டியலுக்கும் சின்ன நோட்டாக எடுத்துப் போங்கள்.

ஏடிஎம்மில் ஒரு தடவைக்கு எவ்வளவு எடுப்பது?

கட்டணம் நிலையானதாக இருக்கும் நாட்டில் நிறைய, ஒரே தடவையில். தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் 220 பாட் பிடிக்கும், ஏறக்குறைய 600 ரூபாய். 2,000 பாட் எடுத்தால் அது 11 சதவீதம். 20,000 பாட் எடுத்தால் 1.1 சதவீதம். இதன்மேல் உங்கள் வங்கியும் ஒரு முறைக்கு நூறு இருநூறு ரூபாயும் மார்க்-அப்பும் எடுக்கும். தாய்லாந்துக்கு மட்டும் டாலர் நோட்டாகக் கொண்டுபோய் நகருக்குள் மாற்றுவது ஏடிஎம்மைவிட லாபம்.

பணம் எடுப்பது பகலில், வங்கிக் கிளையோடு ஒட்டிய ஏடிஎம்மில், வங்கி திறந்திருக்கும் நேரத்தில். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது அடுத்த கேள்வியில்.

கார்டை ஏடிஎம் விழுங்கிவிட்டால்? தொலைந்துவிட்டால்?

சியம் ரீப்பில் ஒரு சனிக்கிழமை இரவு, கடைத்தெருவில் தனியாக நின்ற ஏடிஎம் ஒன்றில் என் டெபிட் கார்டு உள்ளே போய் வெளியே வரவில்லை. பணமும் வரவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை, மெஷினில் எழுதியிருந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலை எங்களுக்கு விமானம். பத்து நிமிடம் அங்கேயே வியர்த்துப்போய் நின்றேன். பிறகு செய்தது இவ்வளவுதான்: போனில் வங்கிச் செயலியைத் திறந்து அந்த கார்டை முடக்கினேன், விடுதிக்குப் போய் அம்மாவின் பெட்டியில் இருந்த இரண்டாவது கார்டை எடுத்தேன். அந்த இரண்டாவது கார்டு என் கைப்பையிலேயே இருந்து பையும் திருடுபோயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் நினைத்துப்பார்ப்பதுண்டு.

எனவே இரண்டு கார்டும் ஒரே பையில் இருக்கக்கூடாது. வங்கியின் வெளிநாட்டிலிருந்து அழைக்கும் எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். இந்தியாவுக்குள் மட்டும் செல்லும் 1800 எண் அங்கிருந்து கிடைக்காது. திருட்டுப் பரிமாற்றம் நடந்தால் தாமதிக்காமல் வங்கியில் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017இல் வெளியிட்ட விதியில், மூன்றாம் நபர் செய்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று இருக்கிறது. பின் எண்ணை நீங்களே யாரிடமாவது சொல்லியிருந்தால் அது பொருந்தாது.

பணத்தை ஊரிலேயே மாற்றிவிடவா, அங்கே போய் மாற்றவா? ரூபாயைக் கட்டாகக் கொண்டுபோகலாமா?

ரூபாய் நோட்டு 25,000 வரைதான் நாட்டைவிட்டு எடுத்துப்போகலாம். ஊருக்குத் திரும்பியதும் டாக்சிக்கு வேண்டியது போதும். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ரூபாயை வாங்கிக்கொள்ளும் மாற்றுக் கடைகள் உண்டு; பாங்காக் தாண்டினால் ரூபாய்க்குக் கிடைக்கும் விகிதம் வயிற்றெரிச்சல்.

நான் செய்தது: ஊரில் முதல் நாட்டுக்கான சிங்கப்பூர் டாலர் கொஞ்சம், மீதி அமெரிக்க டாலர். டாலரை ரிங்கிட், பாட், டாங் எதுவாகவும் அங்கங்கே மாற்றலாம், கம்போடியாவில் மாற்றவே வேண்டாம். மாற்றுவதற்கு 100 டாலர் நோட்டு, கம்போடியாவில் செலவுக்கு 1, 5, 10 நோட்டு. 100 டாலர் நோட்டுக்குச் சின்ன நோட்டைவிட நல்ல விகிதம் தருவார்கள். 2013இல் வந்த நீலப் பட்டை உள்ள புதிய நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். பழைய சின்னத் தலை நோட்டைப் பல இடங்களில் தொட மாட்டார்கள்.

உரிமம் பெற்ற கடை அல்லது வங்கியிலேயே மாற்றுங்கள். வியட்நாமில் இது வெறும் அறிவுரை அல்ல: 2018இல் கான் தோ நகரில் ஒரு நகைக்கடையில் 100 டாலர் மாற்றியவருக்கு 9 கோடி டாங் அபராதம் விதித்த செய்தி நாடு முழுக்கப் பேசப்பட்டது.

எவ்வளவு வரை கொண்டுபோகச் சட்டம் அனுமதிக்கிறது?

வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வாங்கலாம். அதற்கு மேல் வேண்டியது கார்டில். சில நாடுகளுக்கு மட்டும் தனி வரம்பு உண்டு, இந்த ஐந்தும் அவற்றில் இல்லை. வாங்குவது 50,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால்தான் ரொக்கமாகக் கொடுக்கலாம், 50,000 அல்லது அதற்கு மேல் என்றால் முழுத் தொகையையும் காசோலை, கார்டு போன்ற வழியில்தான் கொடுக்க வேண்டும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நீங்களே வாங்கும் நோட்டும் ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றுவதும் சேர்ந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி). சாதாரணக் குடும்பப் பயணம் அந்தப் பக்கமே போகாது. பயணத் தொகுப்பாக ஏஜென்டிடம் வாங்கினால் கணக்கு வேறு, பில்லில் டிசிஎஸ் சேர்ந்தே வரும். வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம்.

கிளம்பும் முன் கார்டில் என்ன சரிபார்க்க வேண்டும்?

2020இலிருந்து இந்திய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாக இயங்காது. நாம்தான் செயலியில் திறக்க வேண்டும். கடை மெஷின், ஏடிஎம், இணையம், தட்டிப் பயன்படுத்துவது என்று தனித்தனியாக இருக்கும். ஏடிஎம்மைத் திறக்க மறந்துவிட்டுப் போய் நிற்கிறவர்கள் அதிகம். திறக்கும்போதே தினசரி வரம்பையும் தேவைக்கு மட்டும் வையுங்கள், திரும்பியதும் மூடிவிடுங்கள். கிரெடிட் கார்டுக்கும் பின் எண் நினைவில் இருக்க வேண்டும். ஓடிபி வரும் இந்திய சிம்மில் ரோமிங்கைத் திறந்து, போனிலேயே வைத்திருங்கள். சிங்கப்பூர் சிம் போடுவதற்காக அதைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, விமானச்சீட்டு வாங்க ஓடிபிக்குக் காத்திருந்த ஒரு குடும்பத்தைப் பார்த்தேன்; பாவமாக இருந்தது.

விடுதியில் கார்டிலிருந்து ஒரு தொகையைப் பிடித்துவைக்கிறார்களே, அது திரும்பி வருமா?

வரும். சேதாரத்துக்கான முன்பணமாகத் தடுத்துவைப்பது அது. கிரெடிட் கார்டு என்றால் உங்கள் வரம்பு மட்டும் குறையும். டெபிட் கார்டு கொடுத்தால் சொந்தப் பணமே முடங்கும், விடுபடச் சில சமயம் இரண்டு மூன்று வாரமும் ஆகும். இதற்கு எப்போதும் கிரெடிட் கார்டு.

சிங்கப்பூரில் வாங்கிய பொருளுக்கு ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்குமாமே?

100 டாலருக்குக் குறையாமல் வாங்கியிருந்தால், சாங்கி விமான நிலையத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். ஆனால் விமானத்தில் வெளியேறுகிறவர்களுக்குத்தான். நாங்கள் நகை வாங்கிவிட்டு உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடி வழியாகப் பேருந்தில் ஜொகூர் போனோம். தரைவழிக்கு அது கிடையாது. பெரிதாக வாங்கும் எண்ணம் இருந்தால் சிங்கப்பூரைப் பயணத்தின் கடைசி நாடாக வைத்து அங்கிருந்து விமானம் ஏறுங்கள்.

வயதானவர்கள் கையில் பணம் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டும். எல்லாப் பணமும் ஒருவர் கையில் இருப்பது ஆபத்து, மற்றவர்களுக்கு மரியாதையும் இல்லை. அம்மாவுக்கும் மாமியாருக்கும் ஆளுக்கொரு சுருக்குப்பை. தினமும் காலையில் அன்றைக்கான உள்ளூர்ப் பணம், விடுதியின் முகவரி அட்டை, ஒரு 20 டாலர் நோட்டு. பாங்காக் சந்தையில் கூட்டத்தில் மாமியார் பிரிந்துபோனார். அந்த அட்டையை டாக்சிக்காரரிடம் காட்டி, பையிலிருந்த பாட்டைக் கொடுத்து, எங்களுக்கு முன்பே விடுதியில் போய் உட்கார்ந்திருந்தார்.

மிச்சப்பட்ட வெளிநாட்டுப் பணத்தை என்ன செய்வது?

ரியலைக் கம்போடியாவுக்குள்ளேயே செலவழித்துவிடுங்கள், வெளியே அது செல்லாது. டாங்கை வியட்நாமை விட்டுக் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள். நம் ஊர்க் கடைகளில் வாங்கிக்கொள்வது அரிது. ஒவ்வொரு நாட்டிலும் கடைசி நாளில் விடுதிக் கணக்கைத் தீர்க்கும்போது கையில் உள்ள நோட்டையெல்லாம் கொடுத்து, மீதியை மட்டும் கார்டில் போடச் சொல்லலாம், பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

டாலர் மிஞ்சினால் அடுத்த பயணத்துக்கு 2,000 டாலர் மதிப்பு வரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதைத் திரும்பிய 180 நாளுக்குள் வங்கியிலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரூபாயாக்க வேண்டும். ஃபாரெக்ஸ் கார்டில் தங்கிய தொகையையும் அப்படியே விட்டுவிடாதீர்கள், பயன்படுத்தாத கார்டுக்கு மாதாமாதம் கட்டணம் பிடிக்கும் வங்கிகள் உண்டு. சில்லறை நாணயங்களை எந்தக் கடையும் மாற்றித் தராது, வைத்துக்கொள்ள வரம்பும் இல்லை. எங்கள் வீட்டில் அவை ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கின்றன. அடுத்த மாதம் சிங்கப்பூர் போகும் சித்தப்பாவுக்காக அதிலிருந்து வெள்ளிக் காசுகளை மட்டும் பொறுக்கி வைத்திருக்கிறேன்.